திரவத்தின் மேல் வளர்ந்த ஆடி: விண்வெளித் தொலைநோக்கிகளுக்கான சவ்வு ஆடிகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஏப்ரலில், ஜெர்மனியின் மியூனிக் அருகே கார்ஷிங்கில் இயங்கும் மாக்ஸ் பிளாங்க் புறவெளி இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர் செபாஸ்டியன் ராபியன், ‘அப்ளைடு ஆப்டிக்ஸ்’ ஆய்விதழில் ஒரு புதிய ஆடிச் செய்முறையை வெளியிட்டார். வெற்றிடக் கலத்துக்குள் சுழன்றுகொண்டிருக்கும் திரவத்தின் மேற்பரப்பில் ஆவியிலிருந்து ஒரு மெல்லிய பாலிமர் சவ்வை வளர்த்து, அதன் மேல் உலோகத்தைப் படியவைத்து, பிறகு அடியிலிருந்த திரவத்தைக் கழுவி அகற்றினால், சுருட்டி வைக்கத்தக்க பரவளைய ஆடி ஒன்று மிஞ்சுகிறது. 30 சென்டிமீட்டர் விட்டம் வரையிலான ஆடிகள் இப்படி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டன. அவற்றின் வடிவத்தில் எஞ்சும் பிழைகளை, சவ்வின் மீது தேவையான இடங்களில் ஒளியை விழச்செய்து, அந்த ஒளி தரும் வெப்பத்தாலேயே திருத்தும் வழியும் அதே பணியில் காட்டப்பட்டது.

30 சென்டிமீட்டர் என்பது பயில்நிலை வானோக்கர்களின் வீட்டுத் தொலைநோக்கியின் அளவுதான். ஆயினும் இந்த நிகழ்வை விரிவாக ஆராய்வதற்குக் காரணம் உண்டு. மெல்லிய படலங்களை விண்வெளிக்கு எடுத்துச் சென்று ஆடியாக்கும் முயற்சிகள் அறுபது ஆண்டுகளாக நடந்துவருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை, தட்டையாகப் பிறந்த படலத்தைப் பின்னர் காற்றழுத்தத்தாலோ இழுவிசையாலோ மின்விசையாலோ வற்புறுத்தி வளைக்க முயன்றன. இங்கே படலம் வளைவாகவே பிறக்கிறது. இந்த ஒரு மாற்றம் எதைத் தீர்க்கிறது, எதைத் தீர்க்காமல் விடுகிறது என்பதைப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம்.

எடை எங்கே இருக்கிறது

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதன்மை ஆடி 6.5 மீட்டர் விட்டமுள்ளது. ஒளியைச் சேகரிக்கும் அதன் பரப்பு ஏறத்தாழ 25 சதுர மீட்டர். அந்தப் பரப்பு முழுவதும் பூசப்பட்டிருக்கும் தங்கத்தின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். மொத்தத் தங்கத்தின் எடை 48 கிராம் அளவில்தான் இருக்கும். விண்மீன்களின் ஒளியை உண்மையில் திருப்பியனுப்புவது இந்த 48 கிராம்தான். மற்றவை எல்லாம், அதாவது ஒவ்வொன்றும் சுமார் 20 கிலோ எடையுள்ள 18 பெரிலியத் துண்டுகளும், அவற்றைத் தாங்கி அசைக்கும் இயக்கிகளும், பின்புறச் சட்டகமும், அந்தத் தங்கம் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதற்காகவே இருக்கின்றன. இயக்கிகளோடு சேர்த்தால் ஒரு துண்டு சுமார் 40 கிலோ வருகிறது. ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடி ஆடியோ 828 கிலோ.

ஆகவே பெரிய விண்வெளி ஆடியின் சிக்கலை இப்படிச் சொல்லலாம்: எதிரொளிப்பதற்கு எடை தேவையில்லை, வடிவம் மாறாமல் நிற்பதற்குத்தான் எடை தேவைப்படுகிறது. வடிவத்தைக் காக்கும் வேலையை ஆடியின் உடம்பிலிருந்து எடுத்து வேறு ஏதாவதொன்றிடம் ஒப்படைக்க முடிந்தால் எடை ஏறத்தாழ மறைந்துவிடும். 20 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள பாலிமர் படலம் ஒரு சதுர மீட்டருக்கு 25 கிராம் அளவில்தான் எடையிருக்கும். வெப் ஆடியின் பரப்பளவுக்கு அதைக் கணக்கிட்டால் ஒரு கிலோகூட வருவதில்லை. விளிம்பு வளையம், தாங்கிகள், விரிக்கும் பொறி ஆகியவை இதில் சேரவில்லை என்பது உண்மைதான். அவற்றைச் சேர்த்தாலும் எடை எத்தனையோ மடங்கு குறையும்.

எடைக்கு இணையான இன்னொரு தடை, ராக்கெட்டின் மூக்குக் கூடு. வெப் தொலைநோக்கி 2021 டிசம்பர் 25 அன்று ஏரியான் 5 ராக்கெட்டில் ஏறியபோது மடித்து அடைக்கப்பட்டிருந்ததற்கும், விண்வெளியில் படிப்படியாக விரிய வேண்டியிருந்ததற்கும், அந்தக் கூட்டின் அகலம் 6.5 மீட்டரை ஏற்காததே காரணம். கெட்டியான துண்டுகளை மடிக்க வேண்டுமானால் கீல்களும் பூட்டுகளும் தேவை. படலமாக இருந்தால் சுருட்டிவிடலாம்.

இவ்வளவு எளிதாகத் தோன்றுவது ஏன் இன்னும் நடக்கவில்லை என்பதற்கு விடை ஒரே ஒரு எண்ணில் அடங்கியிருக்கிறது. 500 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியில், தன் விட்டம் அனுமதிக்கும் முழுக் கூர்மையோடு ஒரு தொலைநோக்கி படம் தரவேண்டுமானால், அலைமுகப்பின், அதாவது ஒளியலையின் முன்பரப்பின், சராசரிப் பிழை அலைநீளத்தில் பதினான்கில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது ஒளியியலில் நிலைபெற்ற அளவுகோல். எதிரொளிப்பில் பரப்பின் பிழை இரட்டிப்பாகத் தெரியும் என்பதால், ஆடியின் பரப்பு தான் இருக்க வேண்டிய வடிவத்திலிருந்து சராசரியாக 18 நானோமீட்டருக்கு மேல் விலகக்கூடாது. 20 மைக்ரோமீட்டர் படலத்தில் இது அதன் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. ஹபிள் ஆடி இந்த விஷயத்தில் எவ்வளவு இரக்கமற்ற பாடம் தந்தது என்பதை மறக்கக்கூடாது. மெருகேற்றும்போது பயன்பட்ட அளவீட்டுக் கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் தவறியிருந்ததால், ஆடியின் விளிம்பு சுமார் 2.2 மைக்ரோமீட்டர் கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. 1990-இல் ஏவப்பட்ட அந்தத் தொலைநோக்கி 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் ஒளியியல் கருவிகளைப் பொருத்தும் வரை மங்கலான பார்வையோடுதான் பணியாற்றியது. அது கெட்டியான கண்ணாடி. ஒரு மூச்சுக் காற்றில் அசையும் படலத்திடம் அதைவிட நூறு மடங்கு நுணுக்கத்தை நாம் கேட்கிறோம்.

ஊதி வளைத்த காலம்

1960 ஆகஸ்ட் 12 அன்று ஏவப்பட்ட எக்கோ 1, 30.5 மீட்டர் விட்டமுள்ள பலூன். அலுமினியம் பூசிய, 12.7 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள மைலார் படலத்தால் ஆனது. அது வானொலி அலைகளைத் திருப்பியனுப்பியது. அந்த அலைகள் சென்டிமீட்டர் கணக்கில் நீளமானவை என்பதால் படலத்தின் சுருக்கங்கள் பொருட்படுத்தத்தக்கவை அல்ல. 1996 மே மாதம், எண்டவர் விண்ணோடத்திலிருந்து விடப்பட்ட ஊதி விரியும் ஆன்டெனாச் சோதனையில், 14 மீட்டர் விட்டமுள்ள எதிரொளிப்பி மூன்று நீண்ட ஊதுகால்களின் நுனியில் விரிக்கப்பட்டது. விரிந்த விதம் எதிர்பார்த்தபடி அமையவில்லை. எதிரொளிப்பியின் வில்லை போன்ற பை முழுமையாக ஊதிக்கொள்ளவும் இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய பரப்பைச் சிறு பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுபோய் விரிக்க முடியும் என்பது கண்ணெதிரே நிரூபணமானது.

ஊதும் முறையின் இயற்பியல் அழகானது. ஒரு வளையத்தில் இறுக்கிப் பிடித்த படலத்தின் ஒரு பக்கம் சிறிது அழுத்தம் கொடுத்தால் அது குழிகிறது. குழியின் குவியத் தொலைவு, படலத்தின் இழுவிசையை அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது. ஒரு மீட்டர் நீளத்துக்கு 100 நியூட்டன் இழுவிசையோடு 10 மீட்டர் குவியத் தொலைவு வேண்டுமானால், தேவையான அழுத்தம் 10 பாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு பிசகினால் குவியம் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படலம் சற்றுச் சூடாகி இழுவிசை தளர்ந்தாலும் அதே கதைதான். அழுத்தத்தைப் பிடித்துவைக்க, ஆடிக்கு முன்னால் ஒளிபுகும் இன்னொரு படலம் கூரையாக வேண்டும். விண்மீனின் ஒளி உள்ளே வரும்போது ஒருமுறையும் திரும்பும்போது ஒருமுறையும் அதைக் கடந்தாக வேண்டும். நுண்கல் ஒன்று அதைத் துளைத்தால் வாயு கசியத் தொடங்கும்.

இவற்றைவிட ஆழமான குறை வடிவத்திலேயே இருக்கிறது. தட்டையாகப் பிறந்த படலம் பெரிதாகக் குழியும்போது பரவளையமாகக் குழிவதில்லை. வட்டப் படலத்தின் குழிவை ஹைன்ரிச் ஹென்கி 1915-இலேயே கணித்துக் காட்டினார். விளிம்பை நோக்கிப் போகப் போக வளைவு பரவளையத்திலிருந்து விலகுகிறது. விலகலை வரைந்தால் அகன்ற இரட்டைப் பள்ளம் போன்ற வடிவம் வருகிறது. ஒரு மீட்டர் விட்டமும் 2 மீட்டர் குவியத் தொலைவும் உள்ள ஆடியில் குழியின் ஆழம் 31 மில்லிமீட்டர். முன்இழுவிசை இல்லாத தட்டைப் படலத்தை அந்த ஆழத்துக்கு ஊதினால், மிகச் சிறந்த பரவளையத்தோடு ஒப்பிட்டாலும் பிழை நூற்றுக்கணக்கான அலைநீளங்களில் இருக்கும். முன்கூட்டியே மிக இறுக்கமாக இழுத்து, மிகக் குறைவாகக் குழியவிட்டால் பிழை குறையும். ஆனால் அப்போது குவியத் தொலைவு நீண்டு, தொலைநோக்கி கட்டுக்கடங்காத நீளமாகிவிடும்.

இதை நேரில் காண விலையுயர்ந்த ஆய்வகம் வேண்டியதில்லை. மலையேறிகள் எடுத்துச் செல்லும் பளபளப்பான அவசரகாலப் போர்வையின் ஒரு துண்டை, ஓரம் சீரான ஒரு உருளைக் கலத்தின் வாயில் இழுத்து ஒட்டி, அடியிலுள்ள துளை வழியாக ஊசிக்குழலால் சிறிது காற்றை உறிஞ்சினால் போதும். தொலைவிலுள்ள விளக்கின் பிம்பம் ஒரு தாளில் சட்டென்று கூடிவரும். நடுப்பகுதியின் ஒளி ஒரு புள்ளியில் சேரும்போது விளிம்பின் ஒளி வேறு தொலைவில் சேர்ந்து அதைச் சுற்றி ஒரு மூடுபனி வளையத்தை உண்டாக்கும். ஒட்டும்போது கை சற்றுக் கூடுதலாக இழுத்த இடங்களிலிருந்து மெல்லிய சுருக்கங்கள் நடுவை நோக்கி ஓடுவதும், பிம்பம் அந்தத் திசைகளில் கோடுகோடாகச் சிதறுவதும் தெரியும். விளிம்பில் செய்த பிழை ஆடி முழுவதையும் ஆள்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சமன்பாடும் சொல்லாது.

இதனால்தான், வளைவான அச்சில் திரவப் பாலிமரை ஊற்றிக் காயவைத்து, வளைவோடு பிறக்கும் படலத்தை எடுக்கும் வழியை ஆய்வாளர்கள் நாடினார்கள். நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் உருவான சிபி-1 என்ற பாலிஇமைடு வகைப் பாலிமர் இந்த வேலைகளில் பெரிதும் பயன்பட்டது. அமெரிக்க விமானப்படை ஆய்வகம் 1990-களிலிருந்து சவ்வு ஆடிகளில் தொடர்ந்து உழைத்தது. அச்சு முறையில் இரண்டு தொல்லைகள். அச்சே இறுதி ஆடிக்கு நிகரான துல்லியத்தோடும் அதே அளவிலும் இருக்க வேண்டும். கரைப்பான் உலரும்போது படலம் சுருங்கித் தனக்குள் இறுக்கத்தைச் சேர்த்துக்கொள்ளும். அச்சிலிருந்து உரித்தெடுக்கும்போது அது வெளிப்பட்டு வடிவத்தைக் கெடுக்கும். அரிசோனா பல்கலைக்கழகம் வேறொரு நடுவழியில் சென்றது: 2 மீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் மட்டுமே உள்ள கண்ணாடித் தகட்டை, கார்பன் இழைச் சட்டகத்தின் மேல் 166 இயக்கிகளால் தாங்கிப் பிடித்தது. எடை வெகுவாகக் குறைந்தது, ஆனால் கண்ணாடி சுருளாது.

சுழலும் திரவம்

சுழலும் கலத்திலுள்ள திரவத்தின் மேற்பரப்பு பரவளையமாகிறது என்பது பழைய உண்மை. அதன் குவியத் தொலைவு, புவியீர்ப்பு முடுக்கத்தைச் சுழற்சி வேகத்தின் இருமடியின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். திரவம் எது என்பதோ கலத்தின் வடிவம் என்ன என்பதோ இந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஒரு மீட்டர் குவியத் தொலைவுக்குக் கலம் நிமிடத்துக்குச் சுமார் 21 சுற்றுகள் சுழல வேண்டும். 8 மீட்டருக்கு 8 நொடிக்கு ஒரு சுற்று. உத்தராகண்டின் தேவஸ்தலில் 2022-இல் முதல் ஒளி கண்ட 4 மீட்டர் பாதரச ஆடித் தொலைநோக்கி இந்த 8 நொடிச் சுழற்சியில்தான் இயங்குகிறது. பாதரச ஆடியின் ஒரே பெருங்குறை, அது நேர் மேலே மட்டுமே பார்க்கும், சாய்த்தால் கொட்டிவிடும். சுழற்சி நின்றால் ஆடியும் இல்லை.

கார்ஷிங் செய்முறை அந்த வடிவத்தைக் கொட்டாமல் உறையவைக்கிறது என்று சொல்லலாம். அதற்குப் பயன்படும் ஆவிப்படிவு முறை ஏற்கெனவே தொழிலில் உள்ளது: மின்சுற்றுப் பலகைகளை ஈரத்திலிருந்து காக்கவும் உடலுக்குள் பொருத்தும் மருத்துவக் கருவிகளுக்கு உறையிடவும் இதே வகைப் படலத்தைப் பூசுகிறார்கள். இந்தக் குடும்பத்தில் பலரும் அறிந்தது பாரிலீன். வெள்ளைத் தூளாக இருக்கும் மூலப்பொருளைச் சுமார் 150 பாகை செல்சியஸில் ஆவியாக்கி, அந்த ஆவியைச் சுமார் 680 பாகை சூட்டில் ஒரு குழாய் வழியாகச் செலுத்தினால், ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டாக உடைகிறது. உடைந்த துண்டுகள் அறை வெப்பநிலையிலுள்ள வெற்றிடக் கலத்துக்குள் நுழைந்து, எதன் மீது விழுகின்றனவோ அங்கேயே ஒன்றோடொன்று சங்கிலியாக இணைந்துகொள்கின்றன. கரைப்பான் இல்லை, ஆகவே உலர்ந்து சுருங்குவதும் இல்லை. ஊற்றிய பாலிமர் பள்ளத்தில் தேங்குவதுபோல இது தேங்குவதில்லை. மூலை முடுக்கெல்லாம் ஏறத்தாழ ஒரே தடிமனில் படிகிறது. ஆடிக்கு இந்தப் பண்பு விலைமதிப்பற்றது. படலத்தின் அடிப்பக்கம் திரவத்தின் பரவளையத்தை அப்படியே ஏற்கும். தடிமன் சீராக இருந்தால் உலோகம் பூசப்படும் மேல்பக்கமும் அதே வடிவத்தைப் பெறும்.

இங்கே திரவம்தான் அச்சு. அது தனக்குத்தானே மெருகேற்றிக்கொள்ளும் அச்சு. அதன் மேற்பரப்பின் கரடுமுரடு நானோமீட்டருக்கும் கீழானது. உளியும் உப்புத்தாளும் மாதக்கணக்கான மெருகும் தேவையில்லை. அதிலிருந்து படலத்தை உரித்தெடுக்க வேண்டியதும் இல்லை. திரவத்தைக் கழுவிவிட்டால் போதும். இந்தச் செய்முறையின் முழு அறிவும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

திரவத்தை அமைதியாக வைத்திருப்பதுதான் கைவேலை. அது வெற்றிடத்தில் கொதித்து ஆவியாகாத வகையாக இருக்க வேண்டும். சுழற்சி அச்சு செங்குத்திலிருந்து சாய்ந்தால் சுழலும் திரவத்தில் அலை எழும். வெற்றிடப் பம்பின் அதிர்வும் மோட்டாரின் சிறு தடுமாற்றமும் வட்ட வட்டமாகப் பரப்பில் ஓடும். பாதரச ஆடிகளில் திரவத்தை மில்லிமீட்டர் கணக்கில் மெல்லியதாகப் பரப்புவது இதற்காகவே, ஏனெனில் மெல்லிய அடுக்கில் அலைகள் விரைவில் அடங்கிவிடும். கார்ஷிங்கிலும் கலத்தில் சிறிதளவு திரவமே ஊற்றப்பட்டது. கலத்தின் சுவரை ஒட்டிய சில மில்லிமீட்டர் அகலத்தில், திரவம் சுவரில் ஏறியோ இறங்கியோ பிறழும்; அந்த ஓரம் ஆடிக்கு உதவாது. சவ்வைப் பிடிக்கும் வளையத்துக்கு அந்த ஓரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

குற்றமே கருவியாதல்

திரவம் அகன்ற கணத்திலிருந்து சவ்வு தன் காலில் நிற்க வேண்டும். வளரும்போது உள்ளே சேர்ந்த சிறு இறுக்கங்களும், வளையம் பிடித்திருக்கும் விதமும், ஈர்ப்பும் அதை இழுக்கும். 25 கிராம் எடையுள்ள சதுர மீட்டர் படலத்தின் மீது ஈர்ப்பு தரும் சுமை கால் பாஸ்கல்தான். ஆனால் 30 சென்டிமீட்டர் அகலத்தில், மீட்டருக்கு 100 நியூட்டன் இழுவிசையுள்ள தட்டைப் படலத்துக்குக் கணக்கிட்டால் அந்தக் கால் பாஸ்கலே நடுவில் 14 மைக்ரோமீட்டர் தொய்வைத் தரும். நாம் அனுமதித்த 18 நானோமீட்டரோடு இதை ஒப்பிட்டால், தரையில் கிடைக்கும் அளவீட்டை விண்வெளிக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது என்பது புரியும். ஆடியைக் குழிவு மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் வைத்து அளந்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள வடிவத்தைக் கணிப்பதுதான் நேர்மையான வழி.

பாலிமரின் மீது எப்போதும் சுமத்தப்படும் குற்றச்சாட்டு, வெப்பத்தில் அது வெகுவாக விரிகிறது என்பது. பாரிலீன் சி என்ற வகை, ஒரு பாகை சூடேறினால் ஒரு மீட்டருக்குச் சுமார் 35 மைக்ரோமீட்டர் நீள்கிறது. ஹபிள் ஆடியில் பயன்பட்ட கண்ணாடியின் விரிவு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ராபியன் இந்தக் குற்றத்தையே கருவியாக்கினார். சவ்வின் பின்னால் நூற்றுக்கணக்கான இயக்கிகளைப் பொருத்துவதற்குப் பதில், பிழை உள்ள இடத்தில் ஒளியை விழச்செய்தால் அந்த இடம் சற்றே சூடாகி விரிந்து வடிவம் மாறுகிறது. எங்கே எவ்வளவு ஒளி வேண்டும் என்பதை அலைமுகப்பை அளந்து கணக்கிட்டுத் திரும்பத் திரும்பத் திருத்தலாம். தொடாமல், கம்பியில்லாமல், எடை கூட்டாமல் நடக்கும் தகவமை ஒளியியல் இது.

இதன் வேகத்தையும் வரம்பையும் எளிய கணக்கால் மதிப்பிடலாம். அறை வெப்பநிலையில், வெற்றிடத்திலுள்ள 20 மைக்ரோமீட்டர் படலத்தைச் சுற்றுப்புறத்தைவிட ஒரு பாகை கூடுதலாக வைத்திருக்கச் சதுர மீட்டருக்குச் சில வாட் ஒளி உட்கவரப்பட்டால் போதும். ஒளியை நிறுத்தினால் சூடு சில நொடிகளில் கதிர்வீச்சாக வெளியேறிவிடும். காற்றின் கலக்கம் இல்லாத விண்வெளியில், மெதுவாக மாறும் பிழைகளுக்கு இந்த வேகம் தாராளம். ஒளியால் சூட்டைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. ஆகவே ஆடி முழுவதையும் சிறிது கூடுதல் சூட்டில் வைத்து, அங்கிருந்து ஏற்றியும் இறக்கியும் திருத்த வேண்டியிருக்கும்.

இதிலிருந்தே ஒரு எல்லைக்கோடும் பிறக்கிறது. கதிர்வீச்சால் குளிரும் வேகம் வெப்பநிலையின் மும்மடியைப் பொறுத்தது. வெப் தொலைநோக்கியின் ஆடிபோல 50 கெல்வின் அளவில் உறைந்திருக்கும் சவ்வில் சூடு வெளியேற அறை வெப்பநிலையைவிடச் சுமார் 200 மடங்கு வலு குறைவான வழியே இருக்கும். அத்தோடு, திருத்துவதற்காகச் சூடேற்றிய ஆடி தானே அகச்சிவப்பில் ஒளிர்ந்து பார்வையைக் கெடுக்கும். எனவே இந்தத் திருத்தமுறை கண்ணுறு ஒளிக்கும் அதை அடுத்த அகச்சிவப்புக்கும் ஏற்றது. மிகக் குளிர்ந்த தொலைநோக்கிகளுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது.

சுருட்டிய பிறகு

இந்த முயற்சியின் உண்மையான தேர்வு சுருளில்தான் இருக்கிறது. 20 மைக்ரோமீட்டர் படலத்தை 5 சென்டிமீட்டர் ஆரத்தில் சுருட்டினால் அதன் பரப்பில் ஏற்படும் நீட்சி பத்தாயிரத்தில் இரண்டு பங்குதான். எந்தப் பாலிமரும் அதைத் தாங்கும். ஆனால் பரவளையம் இரு திசையிலும் வளைந்த வடிவம். அதைச் சுருட்டுவதென்றால் முதலில் ஒரு திசையிலாவது நிமிர்த்த வேண்டும், நிமிர்த்தினால் படலத்தின் தளத்திலேயே நீட்சியும் ஒடுக்கமும் நேரும். ஒரு மீட்டர் விட்டம், 2 மீட்டர் குவியத் தொலைவு என்ற முந்தைய எடுத்துக்காட்டில் அந்த நீட்சி ஆயிரத்தில் ஒரு பங்கை நெருங்குகிறது.

இதுவும் மீளும் அளவுதான், உடனே விரித்தால். ஏவுதளத்திலும் பயணத்திலுமாகப் பல மாதங்கள் சுருண்டு கிடந்த பின் விரித்தால் எவ்வளவு மீளும் என்பதே கேள்வி, ஏனெனில் பாலிமர்கள் நீண்டகாலச் சுமையின் கீழ் மெல்லத் தவழ்ந்து புதிய வடிவத்தைப் பழகிக்கொள்கின்றன. அந்த நீட்சியில் நூற்றில் ஒரு பங்கு மீளாமல் நின்றுவிட்டது என்று கொள்வோம். பாரிலீன் சி-யில் அதை ஈடுசெய்யத் தேவையான வெப்பநிலை வேறுபாடு சுமார் 0.3 பாகை. எண்ணளவில் இது ஒளித் திருத்தத்தின் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது என்பதைப் பார்க்கும்போது இந்த ஆய்வின் மீது எனக்கு மெய்யான நம்பிக்கை வருகிறது. அந்தப் பிழை ஆடி முழுவதும் இதமாகப் பரவியிருந்தால்தான் இது பொருந்தும். ஒரு கூரிய மடிப்பு விழுந்துவிட்டால் எந்த ஒளியும் அதைத் தடவி நீக்காது.

படலத்தைச் சுருட்டி விரிப்பது விண்வெளியில் புதிதன்று. 2010-இல் ஜப்பான் ஏவிய இகாரோஸ் சூரியப் பாய்மரக் கலம், 14 மீட்டர் பக்கமுள்ள, 7.5 மைக்ரோமீட்டர் தடிமனே கொண்ட பாலிஇமைடு சதுரத்தைத் தன் சுழற்சியாலேயே விரித்து, அதே சுழற்சியால் இழுத்துப் பிடித்தது. பாய்மரத்துக்கு நானோமீட்டர் துல்லியம் தேவையில்லை என்றாலும், கிழியாமல் விரிப்பது முடியும் என்பதற்கு அது சான்று.

அதிர்வைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். தரையில் சவ்வின் ஆட்டத்தைச் சுற்றியுள்ள காற்றே அடக்கிவிடுகிறது. வெற்றிடத்தில் அந்த உதவி இல்லை. விண்கலத்தைத் திருப்பும் சக்கரங்களின் சிறு நடுக்கம்கூட சவ்வில் நெடுநேரம் ஒலித்துக்கொண்டிருக்கலாம், நொடிக்கணக்கில் இயங்கும் வெப்பத் திருத்தத்தால் அதைப் பிடிக்க முடியாது. நுண்கற்களைப் பொறுத்தவரை சவ்வு ஆடி ஊதிய பையைவிடப் பாதுகாப்பானது. வெப் ஆடியின் ஒரு துண்டை 2022 மே மாதம் ஒரு நுண்கல் தாக்கி அளவிடத்தக்க சேதத்தை ஏற்படுத்தியது. சவ்வை அத்தகைய கல் துளைத்துப் போனால் அந்தத் துளையின் பரப்பளவு மட்டுமே இழப்பு, கிழிசல் அங்கிருந்து ஓடாதவரை. தாழ்ந்த புவிச் சுற்றுப்பாதையில் இருக்கும் அணுநிலை ஆக்சிஜன் பாலிமரை அரிக்கும் என்பது, 1984-இல் விடப்பட்டு 1990-இல் மீட்டுக் கொண்டுவரப்பட்ட எல்டெஃப் கலத்தின் மாதிரிகளிலேயே தெளிவாகிவிட்டது. ஆகவே இந்த ஆடிகளின் இடம் அதற்கு அப்பால்தான்.

அக்கம்பக்கத்து முயற்சிகள்

எதிரொளிப்பையே கைவிட்டவர்களும் உண்டு. சவ்வில் நுண்ணிய பள்ளங்களைச் செதுக்கி, ஒளி அதன் வழியே ஊடுருவி விளிம்புவிளைவால் (நுண்ணிய விளிம்புகளில் ஒளி வளையும் பண்பால்) குவியும்படி செய்தால், படலம் சற்று முன்பின் அசைந்தாலும் ஒளியின் பாதை நீளம் பெரிதாக மாறாது. துல்லியத் தேவை வெகுவாகத் தளர்கிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் மெல்லிய கண்ணாடிப் பலகைகளை இணைத்து 5 மீட்டர் அளவில் மடிக்கத்தக்க வில்லை ஒன்றை இந்த வழியில் செய்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பாவின் மொய்ரே திட்டம் 20 மீட்டர் அளவிலான சவ்வு வில்லையைப் புவிநிலைச் சுற்றுப்பாதையில் வைக்கும் கனவோடு 2010-களின் முற்பாதியில் தரையில் மாதிரிகளைச் சோதித்தது. இதற்குக் கொடுக்கும் விலை நிறம்: அத்தகைய வில்லை ஒவ்வொரு அலைநீளத்தையும் வெவ்வேறு தொலைவில் குவிக்கும், ஒரு குறுகிய பட்டையை மட்டுமே ஒழுங்காகத் தரும். பூமியைப் படமெடுக்க அது போதலாம். விண்மீனின் நிறமாலையை விரித்துப் படிக்க வேண்டிய வானியலுக்கு அது போதாது. நாசாவும் இஸ்ரேலின் டெக்னியான் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து ஆராயும் ஃப்ளூட் திட்டம் திரவத்தையே விண்வெளிக்குக் கொண்டுபோய், பரப்பு இழுவிசையால் 50 மீட்டர் ஆடியாக்க நினைக்கிறது. திரவத்தின் இயல்பான வழவழப்பை நம்பும் வகையில் அது கார்ஷிங் முறைக்கு உறவு. ஒன்று திரவத்தை ஏற்றிச் செல்கிறது, மற்றொன்று திரவத்தின் வடிவத்தை மட்டும் எடுத்துச் செல்கிறது.

அளவைப் பெருக்கும் வழி

கார்ஷிங் ஆடிகளின் அடுத்த படி ஒரு மீட்டராக இருக்கலாம். அதில் முதலில் வேண்டியது, ஒரே ஆடியைச் சுருட்டும் முன்னும், மாதங்கள் கழித்து விரித்த பின்னும், இரு நிலைகளிலும் ஒரே வளையத்தில் பிடித்து எடுத்த பரப்பு வரைபடங்கள். அவற்றைக் கழித்தால் மிஞ்சும் வேறுபாடு ஒளித் திருத்தத்தின் வீச்சுக்குள் வருகிறதா என்பது, மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் தீர்க்கப்பட வேண்டியது.

அதற்கும் மேலே, ஆடியின் விட்டத்தைவிடப் பெரிய வெற்றிடக் கலம் தேவை என்பது இந்த முறையின் இயல்பான வரம்புபோலத் தோன்றும். ஆனால் சுழலும் திரவத்தின் கணக்கில் கலம் எங்கே இருக்கிறது என்பதற்கு இடமில்லை, சுழற்சி அச்சு எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். சுழலும் ஒரு நீண்ட கையின் நுனியில், அச்சிலிருந்து சில மீட்டர் தள்ளி ஒரு சிறு கலத்தை வைத்தால், அதிலுள்ள திரவம் அச்சை மையமாகக் கொண்ட அதே பெரும் பரவளையத்தின் ஒரு துண்டாகவே சாய்ந்து நிற்கும். அதன் மேல் வளரும் சவ்வு, பெரிய ஆடியின் ஒரு துண்டாகப் பிறக்கும். ஒரே வேகத்தில், ஒரே தொலைவில், ஒன்றன்பின் ஒன்றாக வளர்த்தால் ஒரு வட்ட வரிசையின் எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே குவியம் அமையும். இன்று கண்ணாடியில் அச்சுவிலகிய துண்டுகளை அரைப்பதே மிகக் கடினமான வேலை. சுழலும் திரவத்துக்கு அது நடுத்துண்டைவிடக் கடினமானதே அல்ல. அமெரிக்காவின் ஒஹாயோவிலுள்ள நாசாவின் வெற்றிடக் கூடம் 30 மீட்டர் அகலமுள்ளது. 10 மீட்டர் நீளக் கை ஒன்று அதற்குள் தாராளமாகச் சுழலும்.